எடைமேடைக்காரன் வீடு

எடைமேடை ஆளு நான்.
கொப்பரை லாரி ஏறும், எண் எரியும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
காங்கயத்தில் பதினாறு வருசமாய்
என் அளவை ஒருத்தரும்
மறு அளவுக்குக் கேட்டதில்லை.

மூன்றரை சென்ட் வாங்கிய பிறகுதான்
அளவு என்றால் என்னவென்று தெரிந்தது.

பத்திரத்தில் ஒன்று. பட்டாவில் ஒன்று.
புலப்படத்தில் வாய்க்கால்
என் இடத்துக்கு மேற்கே ஓடியது,
நேரில் கிழக்கே கிடந்தது.
லோகநாதன் படத்தைத் தலைகீழாய்ப் பிடித்திருந்தான்.
திருப்பிய பிறகும் ஒன்பது அடி இடித்தது.
கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.
கடைமடைங்க.
பரம்பிக்குளத்துத் தண்ணி எங்க காட்டுக்கு வருவதற்குள்
பேர் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

பிளான் மூன்று தரம் போட்டான்.
முதல் தரம் ரெண்டு படுக்கையறை,
வாய்க்காலைப் பார்த்த சமையல்கட்டு,
பின்னால் பொடக்காளி.
கரையிலிருந்து இத்தனை மீட்டர் விடணும் என்று
கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது.
ரெண்டாம் தரம் ஒரு படுக்கையறை போனது.
மூன்றாம் தரம் பொடக்காளி.
அன்றைக்கு அம்சவேணி
தட்டில் சோற்றைச் சுற்றிலும் ஒதுக்கி
நடுவில் கொஞ்சமாய்ச் சாப்பிட்டாள்.
"என்ன புள்ள?" என்றேன்.
"எடம் உடறேனுங்" என்றாள்.

தடையில்லாச் சான்று வேண்டும்.
நான் கட்டுவதில் வாய்க்காலுக்கு ஆட்சேபணை இல்லை என்று
வாய்க்காலுக்காக வேறொருத்தர் எழுதித் தருவது.
நாலு செவ்வாய்க்கிழமை போனேன்.
முதல் செவ்வாய், ஐயா மடைக்குப் போயிருந்தார்.
அடுத்தது, கோர்ட்டுக்கு.
மூன்றாவதில் ஐயா இருந்தார்,
முத்திரை வைத்த பீரோவின் சாவி
லீவில் இருந்தது.
நாலாவதில் புஷ்பராணி மேடம் கோப்பைப் புரட்டி
"கரை எங்கிருந்துன்னு சர்வேயர் எழுதலையே" என்றார்.

சர்வேயர் நல்லமுத்து வந்தார்.
மோர் குடித்தார். கல்லைத் தேடினார்.
பக்கத்துக் காட்டில் எருமை கட்டும் முளையாக
அது வேலை பார்த்துக்கொண்டிருந்தது.
எருமை எழுந்திருக்கவில்லை.
"தண்ணி எதுமட்டும் வரும்?" என்றார்.
பதினொரு மாசமாய்ப் புழுதி ஓடும் வாய்க்காலில்
இறங்கி நின்று
முழங்காலைக் காட்டினேன்.
இடுப்பைக் காட்டவில்லை.

மேடையில் லாரி நிற்கும்போது
ஒரு சக்கரத்தை வெளியே விடும் டிரைவர்களை
எனக்குத் தெரியும்.

அவர் என் முழங்காலைப் பார்த்தார்.
கரையில் காய்ந்த கோரை ஒட்டியிருந்த
பழைய நீர்க்கோட்டைப் பார்த்தார்.
டேப்பை என் இடுப்புக்கு நேராய் வைத்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
சமையல்கட்டில் இன்னும் ரெண்டடி போனது.

அனுமதி வந்த மத்தியானம்
மேடையில் லாரி நின்றிருந்தது.
செல்போனைப் பார்த்துக்கொண்டே
இருபத்தேழாயிரத்து நானூறு கிலோ என்பதற்குப் பதில்
"ஒப்புதல்" என்று கத்திவிட்டேன்.
டிரைவர் முழித்தான்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி
சுண்ணாம்புத் தூளில்
வீட்டைத் தரையில் வரைந்துவிட்டுப் போனார்.
அன்று ராத்திரிதான் மடை திறந்திருக்கிறார்கள்.
இருட்டில் முதலில் சத்தம்,
அப்புறம் நனைந்த புழுதி வாசம்,
கடைசியில்தான் தண்ணி.
விடியும்வரை உட்கார்ந்திருந்தோம், ஏறட்டும் என்று.
வெளிச்சம் வந்ததும் இறங்கி நின்றேன்.
இடுப்பு. சரியாக இடுப்பு.
நல்லமுத்துவுக்குப் போன் போட எடுத்து
மணி அஞ்சே கால் என்று வைத்துவிட்டேன்.

ஈர வேட்டியோடு ஏறி வந்தபோது
அம்சவேணி வெள்ளைக் கோட்டைத் தாண்டி
சமையல்கட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.
"செவுத்துல வர்றயே" என்றேன்.
நின்றாள்.
வந்த வழியே திரும்பிப் போனாள்.
சுற்றிக்கொண்டு வடக்கு வாசலுக்கு வந்து,
செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு
உள்ளே வந்தாள்.